மொட்டைக் கத்தி

மார்ச் 2, ஞாயிறு

இன்று என் கைக்குப் பெயர் வந்த நாள். பெர்க்மான்ஸ் வாத்தியார் வீட்டில் பேத்திக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை. விருந்துக்கு எட்டுச் சீலா மீன், ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். எட்டையும் நான் ஒருத்தியே வறுவலுக்குத் துண்டு போட்டேன். ஒரே கனம், ஒரே வட்டம், சதை ஒரு இடத்திலும் கிழியவில்லை. வாத்தியார் ஒரு துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மெட்டில்டா, இது வெட்டுனதா, வார்த்ததா?" என்றார். இருபத்திரண்டு வருடமாக மீன் வெட்டுகிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், வெட்டியது என் கத்தியால் இல்லை. நேற்றுச் சந்தையில் என் கத்தியின் பிடி கழன்று போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கொல்லன் பட்டறை திறப்பான்? அதனால் முதல் பூசை முடிந்ததும் கரைக்குப் போய், எங்கள் படகின் பின்பக்கப் பெட்டியிலிருந்து படகுக் கத்தியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தேன். படகுக் கத்தி வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது இந்தக் கரையில் ஆண்கள் போட்ட சட்டம். அவர்கள் சட்டத்தில் பாதி, பெண்கள் கை வைக்கக் கூடாது என்பதுதானே.

நல்ல இரும்பு. ஆனால் கத்தியை வைத்திருந்த அழகு! எங்கள் படகில் கத்தி தொபியாஸ் அண்ணன் பொறுப்பு. இருபது வருடமாக என் வீட்டுக்காரரோடு ஒரே படகில் போகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கரையில் உட்கார்ந்து அரத்தைப் போட்டு விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பல்லாக இழுத்து வைத்திருக்கிறார். முதல் துண்டிலேயே மீன் சதை நார்நாராகக் கிழிந்தது. என் வழவழப்பான தீட்டுக்கல்லை எடுத்து, தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் தீட்டி அத்தனை பல்லையும் தேய்த்து எடுத்தேன். பிறகு பார்க்க வேண்டுமே, கத்தி வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

சாயந்திரம் கழுவித் துடைத்து, சைக்கிள் டியூப் உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. தொபியாஸ் அண்ணன் நாளை எடுத்துப் பார்த்தால் அசந்துபோவார்.

மார்ச் 3, திங்கள்

என் வீட்டுக்காரருக்குக் கையில் அடி. மாதாவே.

மார்ச் 4, செவ்வாய்

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கிறது.

நடந்தது இதுதான். வலை கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டது. அவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அலை படகைத் தூக்கியது. கயிறு அவர் வலது கையில் சுற்றி, விரல்களைப் படகு விளிம்போடு வைத்து நெரித்தது. "அறு, அறு" என்று கத்தியிருக்கிறார். தொபியாஸ் அண்ணன் கத்தியை எடுத்து அறுத்தார். கத்தி கயிற்றின்மேல் வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. இன்னொரு ஆள் பல்தசார் கத்தியைப் பிடுங்கித் தானும் அறுத்துப் பார்த்தான். படகு தானாக இறங்கிக் கயிறு தளர்ந்த பிறகுதான் கை வெளியே வந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அப்போதே கூழ். ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

நான் கரைக்கு ஓடிப் போனபோது அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரே நின்றது. பல்தசார் அந்தக் கத்தியைத் தன் முழங்கையில் வைத்து அழுத்தி இழுத்துக் காட்டினான். "பாருங்கய்யா, தோலுல ஒரு கோடு விழுதான்னு பாருங்க. இந்த மொட்டக் கத்தியத்தான் இவன் படகுல வச்சிருந்தான்." தொபியாஸ் அண்ணன் கத்தியை வாங்கி விளிம்பைத் தடவினார். திருப்பித் தடவினார். "நான் பல்லு வச்சேனே. சனிக்கெழம வச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நனைந்த நைலான் கயிற்றில் எந்தக் கத்தியும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பஸ் வந்துவிடும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சாயந்திரப் பூசைக்குப் போனேன். பங்குச் சாமி நெற்றியில் சாம்பல் வைத்தார். என் முறை வந்தபோது எனக்கு அழுகை வந்தது. எல்லாரும் புருஷனை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தார்கள். பக்கத்தில் நின்றவள் முதுகைத் தடவினாள். தடவட்டும் என்று நின்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. வலது கையில் பெரிய கட்டு. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார், அது ஒரு வீம்பு. அதனால் நான்தான் ஊட்டுகிறேன். ஒவ்வொரு உருண்டைக்கும் வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொள்கிறார். வெட்கப்படுகிறார். "ஒனக்குச் சங்கடம்லாட்டி" என்றார். எனக்கு அங்கேயே தரையில் விழுந்து மண்டையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

பதினோரு மணிக்குத் தொபியாஸ் அண்ணனும் அவர் பெண்டாட்டி அமலி மதினியும் வந்தார்கள். அண்ணன் உள்ளே வரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மாப்ள, நான் சனிக்கெழம அரம் போட்டேன். மாதா மேல சத்தியமா."

"அப்ப பல்லு எங்கல? மீனு தின்னுட்டா?"

"யாரோ எடுத்துருக்காவ மாப்ள."

"எடுத்தவன் பத்திரமா திருப்பி வச்சிட்டும் போவானால? கூறு இருந்தா பேசு."

நான் அடுப்படியில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வெந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது, இருந்தாலும் கிண்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கஞ்சி அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

அமலி மதினி ஒரு தூக்குவாளி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பால்சுறாப் புட்டு. காயம் ஆறும் என்று பூண்டு நிறையப் போட்டுச் செய்திருந்தாள். "அவாள் வீட்டுது எனக்கு வேண்டாம், நாய்க்குப் போடு" என்றார் அவர். அவர்கள் போன பிறகு நான் பின்வாசலில் உட்கார்ந்து அவ்வளவையும் தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் கேவலம்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முழங்காலில் நின்று, இரண்டு பூசைக்குப் போகவில்லை, மாமியாரைத் திட்டினேன், பொய் சொன்னேன் என்றேன். மாமியார் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. எதையாவது சொல்லி இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

"என்ன பொய்?" என்று சாமி கேட்டார்.

"சின்னப் பொய்தான் சாமி" என்றேன்.

மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றையும் சொல்லிவிட்டு வந்தேன். பாவம் அதே இடத்தில் இருக்கிறது, இப்போது அதன்மேல் இன்னொரு பொய்யும் ஏறியிருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

எங்கள் ஊரில் பட்டப்பெயர் விழுந்தால் எடுக்க முடியாது. எங்கள் குடும்பத்துக்கே பெயர் அரைப்பாய். என் வீட்டுக்காரரின் பாட்டனார் எப்போதோ ஒருநாள் காற்றில் படகின் பாய் கிழிந்து பாதிப் பாயோடு கரை வந்தாராம். அந்த மனுஷனின் ஞானஸ்நானப் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. என் மகளின் கல்யாணப் பத்திரிகையை வாங்கிப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கூட, "ஓ, அரைப்பாய் வீட்டுப் புள்ளையா?" என்றுதான் கேட்டார்.

இன்று சந்தையில் அமலி மதினி வந்தாள். எனக்குப் பக்கத்தில் இறால் விற்கிறவள் குரலைத் தாழ்த்தாமலே, "மொட்டக் கத்தி பொண்டாட்டி வாரா" என்றாள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். மதினி காதில் விழாதவள்போல் நின்று சாளை வாங்கினாள். அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். அந்தப் பெண்ணுக்குப் பிறக்கிற பிள்ளைகளும் மொட்டைக் கத்தி வீட்டுப் பிள்ளைகள்தான். யாரும் ஏன் எதற்கு என்று கேட்கப்போவதில்லை.

சிரித்தவர்களில் நானும் இருந்தேன் என்று எழுத வேண்டும். சத்தமாகச் சிரிக்கவில்லை. வாய் மட்டும் கோணியது.

மார்ச் 26, புதன்

தொபியாஸ் அண்ணனை ஒரு படகும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஐஸ் வண்டியில் பெட்டி இறக்குகிறார். ஐம்பது வயது மனுஷன்.

மார்ச் 29, சனி

என் வீட்டுக்காரரும் நானும் டவுனுக்குப் போய்ப் படகுக்குக் கத்தி வாங்கி வந்தோம். அவர் திரும்பவும் கடலுக்குப் போகத் துடிக்கிறார். "கத்தியப் பத்தி ஒனக்குத் தெரிஞ்ச அளவு இந்த ஊருல எவனுக்குத் தெரியும்? நீயே பாத்து எடு. இனி எந்த ஆம்பளையையும் நம்ப மாட்டேன்" என்று என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போனார். எனக்குத் தூக்குமேடைக்கு நடக்கிற மாதிரி இருந்தது.

கடைக்காரன் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினான். கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்கலாம் அதில். "துருவே பிடிக்காதும்மா, கப்பல்காரங்க வாங்குறது" என்றான். அலகை வளைத்துப் பார்த்தேன், தகடுபோல் வளைந்தது. அரத்தை வைத்தால் நழுவியது. வேண்டாம் என்றேன். அடுத்தது நல்ல இரும்பு, ஆனால் முனை ஊசி. ஆடுகிற படகில், கயிற்றுக்கும் கைக்கும் நடுவில் நுழைய வேண்டிய கத்திக்கு முனை எதற்கு? யார் வயிற்றிலாவது ஏறும். இன்னொன்றின் பிடி வழவழவென்று இருந்தது. மீன் வழும்பு பட்ட கையில் நிற்காது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. கறுத்த இரும்பு, ஒரு சாண் நீளம், முனை மழுங்கல், பிடியில் சொரசொரப்பு, பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு ஓட்டை. துருப்பிடிக்கும்தான். தினமும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் பிடிக்காது. கடையிலேயே ஒரு துண்டு நைலான் கயிறும் ஒரு சொம்புத் தண்ணீரும் கேட்டேன். கடைக்காரன் சிரித்தான். அவரைக் கயிற்றின் ஒரு நுனியை மிதித்துக்கொள்ளச் சொல்லி, நனைத்து, கத்தியை வைத்து இழுத்தேன். புதுக் கத்தி, நல்ல கூர். வழுக்கியது.

அவர் முகம் வெளுத்தது. "இப்படித்தாமுட்டி. இப்படியேதான் வழுக்குச்சு" என்றார்.

நான் கடையிலிருந்த முக்கோண அரத்தை எடுத்தேன். விளிம்பு முழுக்கச் சாய்வாக இழுத்தேன், ஒரு நெல் அகலத்துக்கு ஒரு பல். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும், ஏனென்றால் அதேபோன்ற பல்லை ஒவ்வொன்றாக என் கல்லில் தேய்த்து அழித்தவள் நான்தான். மறுபடி நனைத்து இழுத்தேன். இரண்டே இழுப்பு, கயிறு இரண்டாக விழுந்தது.

கடைக்காரனின் சிரிப்பு நின்றது. அவர் குனிந்து அறுந்த நுனியை இடது கையால் எடுத்துப் பார்த்தார்.

"யாருட்டி ஒனக்கு இத சொல்லித்தந்தா?"

"சந்தையில பாத்துருக்கேன்."

"அந்தத் தொபியாஸுக்கு இதுல பாதி தெரிஞ்சிருந்தா என் வெரலு ரெண்டும் கெடந்துருக்கும்."

அரத்தைக் கீழே வைத்தபோது அது கண்ணாடிப் பெட்டியில் பட்டுச் சத்தம் போட்டது. "பாத்தும்மா" என்றான் கடைக்காரன். பஸ்ஸில் வரும்போது கத்தி என் மடியில் இருந்தது. இனி அதைத் தீட்டி வைப்பது என் பொறுப்பாம். ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

கத்திக்கு எண்ணெய் தடவினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று எழுதியே தீர வேண்டும். ஒரு மாதமாக இந்த நோட்டிலும் பொய்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் இரண்டாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். கழுவித் துடைத்து வைத்தேன் என்று இருக்கிறது. உண்மைதான். பல்லைத் தேய்த்தது தெரியாமல் செய்தது, அதுவும் உண்மைதான். கயிற்றுக்குப் பல் வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சோறு தின்றேன்.

எழுதாதது இது. எட்டுச் சீலாவையும் வெட்டி முடித்தபோது கத்தியின் வாய் மடங்கிவிட்டது. நான் அவ்வளவு மெல்லிசாகத் தீட்டியிருந்தேன், பிறகு அதே கத்தியால் எட்டு மீனின் நடுமுள்ளையும் தலையையும் வெட்டினேன். மடங்காமல் என்ன செய்யும்? உறையில் போடுவதற்கு முன் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன், அது என் பழக்கம். விரல் ஒன்றுமே அறியாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பூசணிக்காயைக்கூட வெட்டாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் உறையில் போட்டேன்.

திருப்பித் தீட்ட அரை மணி நேரம் போதும். ஆனால் வாத்தியார் வீட்டில் பந்திக்கு உட்காரச் சொல்லி ஆள் விட்டிருந்தார்கள். வெட்டுகிறவளை யாரும் பந்திக்குக் கூப்பிட மாட்டார்கள், பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்து அனுப்புவார்கள். அன்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போக வேண்டும். தொபியாஸ் அண்ணன் காலையில் பார்த்துத் தீட்டிக்கொள்ளட்டும், அவருக்கு வேறென்ன வேலை என்று நினைத்தேன். இந்த வார்த்தைகள் அப்படியே மனதில் ஓடின, ஒன்றுகூட மாறவில்லை.

அவர் சனிக்கிழமை சரியாகச் செய்து வைத்த வேலையைத் திங்கட்கிழமை ஏன் மறுபடி பார்க்கப்போகிறார்?

ஒரு பந்திச் சாப்பாடு. என் வீட்டுக்காரரின் இரண்டு விரல். தொபியாஸ் அண்ணனின் பெயர். சீ.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பெரிய வியாழனன்று யேசுவின் சீடர்கள்போல் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரின் பட்டியலைச் சாமி பூசை முடிவில் வாசித்தார். வருஷப் பிறப்பிலேயே எழுதி வைத்த பட்டியல். ஏழாவது பெயர் தொபியாஸ். பின்வரிசையில் யாரோ, "சாமி, தண்ணிய பாத்து ஊத்துங்க, மொட்டக் கத்தியாரு காலப் பிடிச்சா ஒங்க கையும் வழுக்கிரும்" என்றான். குருத்தோலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

தொபியாஸ் அண்ணன் எழுந்து நின்றார். "எம் பேர எடுத்துருங்க சாமி" என்று சொல்லிவிட்டு, கோயிலின் நடுவழியே வெளியே போனார். அமலி மதினி எழுந்து பின்னால் போனாள். என் வீட்டுக்காரர் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன். கோபத்தில் பாதி, சிநேகிதன் போகிறானே என்பதில் பாதி. மனுஷன் ஐந்து வாரமாகத் தூக்கத்தில் "தொபியாசு, கயித்த அறு" என்கிறார்.

நானே சொல்ல வேண்டும். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

ஏப்ரல் 16, புதன்

சொல்லிவிட்டேன்.

காலை ஒன்பது மணி, ஏலக்கூடம். வியாழன் முதல் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால் அவ்வளவு படகும் ஆளும் இருந்தது. அவர் தூணில் சாய்ந்து நின்று ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொபியாஸ் அண்ணன் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரிடம் வீட்டிலேயே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒருநாளும் என்மேல் கை நீட்டியதில்லை, அடிக்குப் பயந்து அல்ல. அவர் முகத்தைத் தனியாக ஒரு அறையில் பார்க்கத் தைரியம் இல்லை. கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

ஏல மேசைமேல் நனைந்த கயிற்றை வைத்தேன். என் மீன் வெட்டும் கத்தியை வைத்தேன். பக்கத்தில் புதுப் படகுக் கத்தியை வைத்தேன். ஏலம் விடுகிறவர், "ஏட்டி மெட்டில்டா, இது என்ன கட?" என்றார்.

"எல்லாரும் கொஞ்சம் பாருங்க" என்றேன். பல்தசாரைக் கூப்பிட்டு, என் மீன் கத்தியால் கயிற்றை அறுக்கச் சொன்னேன். வழுக்கியது. பல் வைத்த கத்தியைக் கொடுத்தேன். அறுந்தது.

"இந்தப் பல்லத்தான் தொபியாஸ் அண்ணன் சனிக்கெழம வச்சிருந்தாவ. அவாள் சொன்னது அம்புட்டும் உண்ம. ஞாயித்துக்கெழம வாத்தியார் வீட்டு மீன் வெட்ட நாந்தான் அந்தக் கத்திய எடுத்தேன். நாந்தான் பல்லத் தேச்சேன். வாய் மடங்கிப்போச்சுன்னு தெரிஞ்சும் அப்படியே திருப்பி வச்சேன். தெரிஞ்சு வச்சேன்."

கடைசி இரண்டு வார்த்தையை விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்துவிட்டது, சொல்லிவிட்டேன்.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "புருசன் வெரல எடுத்தவ" என்று ஒருத்தி கத்தினாள். காறித் துப்புகிற சத்தமும் கேட்டது. நான் தொபியாஸ் அண்ணனைத்தான் பார்த்தேன். அவர் ஐஸ் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே வந்து நின்றார். தண்ணீர் முகத்தில் வழிந்தது, அது ஐஸா என்னவென்று தெரியவில்லை.

"எனக்கே சந்தேகம் வந்துட்டு தங்கச்சி" என்றார். "சனிக்கெழம நான் நெசமாவே அரம் போட்டனா இல்லையான்னு. தெனமும் அந்த அரத்த எடுத்து எடுத்துப் பாத்தேன். அதுல இரும்புத்தூள் இருக்கான்னு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அமலி மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெல்லத்தான் கேட்டாள்.

"சொறாப் புட்டு நல்லா இருந்துச்சா மதினி?"

திரும்பித் தூணைப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

நேற்று மதியம் அவர் வந்தார். சோறு போட்டு உருட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டு, தட்டை இழுத்து, இடது கையால் சாப்பிட்டார். பாதிச் சோறு தரையில் சிந்தியது. ஒரு வார்த்தை இல்லை. இன்று காலையும் அப்படித்தான்.

சாயந்திரப் பூசையில் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், ஏழாவது காலி. தொபியாஸ் அண்ணன் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றார். சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது, என் வீட்டுக்காரர் எழுந்து பின்னால் போனார். மூன்று விரல் மிச்சமிருக்கிற கையால் தொபியாஸ் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தார். அண்ணன் மாட்டேன் என்று தலையாட்டினார். இவர் விடவில்லை. மூன்று விரலால் இழுத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போனார்.

பெண்கள் பக்கத்தில் என்னைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

ஏப்ரல் 19, சனி

புதுக் கத்தியையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு தொபியாஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "இது ஒங்க பொறுப்பு அண்ணே" என்றேன். அண்ணன் பெருவிரலை வைத்துப் பல்லைத் தடவினார்.

"ரெண்டு பல்லு சாஞ்சிருக்கு" என்றார்.

"அரம் சரியாப் பிடிக்கத் தெரியல."

"ம்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. நான் தெருமுனை திரும்பும் வரை அரம் இழுக்கிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

வீட்டில் விருந்து வைக்கவில்லை. மகள் போனில், "ஏம்மா?" என்று மட்டும் கேட்டு அழுதாள். இங்கே நடந்ததெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்களோ.

ஏப்ரல் 21, திங்கள்

அதிகாலையில் அவர் கடலுக்குப் போனார். தொபியாஸ் அண்ணனும் பல்தசாரும் கூடப் போனார்கள். கிளம்பும்போது அடுப்படிப் பக்கம் வந்து நின்று, தட்டை நீட்டி, "கஞ்சி ஊத்து" என்றார். ஐந்து நாளில் முதல் பேச்சு. ஊற்றினேன். குடித்துவிட்டு, கதவருகே போய், திரும்பாமலே, "எங்கிட்ட மொதல்ல சொல்லிருக்கலாம்லா" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

எட்டு மணிக்குச் சந்தைக்குப் போய் என் இடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். யாராவது வெட்டக் கொடுப்பார்களா என்று தெரியாது. கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. இறால் விற்கிறவள் தன் கூடையை என்னிடமிருந்து நான்கு அடி தள்ளி வைத்துக்கொண்டாள். எதிரே அமலி மதினி மகளோடு சாளை பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். வெளியூர்க்காரியா, உள்ளூர்க்காரியா தெரியவில்லை. கையில் ஒரு விளமீனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏ மொட்டக் கத்தி, இத வெட்டித் தருவியா?"

அமலி மதினி திரும்பவில்லை. நான் திரும்பினேன்.

"தாங்க" என்று கையை நீட்டி மீனை வாங்கினேன்.